பட்டம் நிறுவனத்துடையது, குரல் யாருடையது?

கணினித் துறையின் பெருநிறுவனங்கள் தங்களிடம் சம்பளம் வாங்காத, ஆனால் தங்கள் தயாரிப்புகளைக் கரைத்துக் குடித்த வெளியாட்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்குப் பட்டமும் பரிசும் சலுகைகளும் வழங்கி, ‘இவர் எங்கள் தொழில்நுட்பத்தில் வல்லுநர்’ என்று உலகுக்கு அறிவிக்கும் வழக்கம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நிலவிவருகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் ‘மோஸ்ட் வேல்யுபிள் ப்ரொஃபஷனல்’, சுருக்கமாக எம்விபி, இவற்றுள் மூத்ததும் பெயர்பெற்றதுமான பட்டம். ஆரக்கிளின் ‘ஏஸ்’, அமேசான் வெப் சர்வீசஸின் ‘ஹீரோ’, கூகுளின் ‘டெவலப்பர் எக்ஸ்பர்ட்’, விஎம்வேரின் ‘விஎக்ஸ்பர்ட்’ எனப் பின்னர் ஏறக்குறைய எல்லாப் பெரிய நிறுவனங்களும் தத்தமக்கென ஒரு பட்டத்தை ஏற்படுத்திக்கொண்டன.

இப்பட்டங்களைப் பெற்றவர்கள் தனித்த ஒரு நிலையில் நிற்கிறார்கள். நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர் என்பதால் அவர்கள் சொல்வதை விளம்பரமாகக் கருதாமல் வாசகர்கள் நம்புகிறார்கள்; நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றவர்கள் என்பதால் அவர்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்றும் நம்புகிறார்கள். முதல் நம்பிக்கை அவர்களுடைய சுதந்திரத்தின்மீது வைக்கப்பட்டது. இரண்டாவது நம்பிக்கையோ, அச்சுதந்திரத்தைக் குறைத்துவிடக்கூடிய ஓர் உறவிலிருந்து பிறப்பது. இவ்விரண்டும் ஒரே மனிதரிடத்தில் நீடித்து நிற்க முடியுமா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

இது கணினித் தொழிலர்களின் உள்வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிடக்கூடியதன்று. ஒரு மருத்துவமனை எந்தத் தரவுத்தளத்தில் நோயாளிகளின் விவரங்களைச் சேமிக்கிறது, ஒரு வங்கி எந்த மேகக் கணிமைச் சேவையை நாடுகிறது, ஒரு பல்கலைக்கழகம் எந்த நிரல்மொழியைப் பாடத்திட்டத்தில் வைக்கிறது என்பன போன்ற முடிவுகள் ஒருமுறை எடுக்கப்பட்டால் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மாற்றுவதற்கரியவையாகிவிடுகின்றன. அத்தகைய முடிவுகளை எடுப்பவர்கள் படிக்கும் நூல்களையும் கட்டுரைகளையும், கேட்கும் மாநாட்டு உரைகளையும், பார்க்கும் காணொளிகளையும் உருவாக்குபவர்களில் பலர் பட்டம் பெற்றவர்கள்.

மன்றத்தில் பிறந்த பட்டம்

எம்விபி பட்டம் 1993ஆம் ஆண்டில் தோன்றியது. இணையம் பொதுமக்களின் கைக்கு வருவதற்கு முந்தைய அக்காலத்தில், அமெரிக்காவின் கம்ப்யூசர்வ் என்ற கட்டணச் சேவையின் விவாத மன்றங்களில்தான் மென்பொருள் பயனர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டனர். 1992இல் மைக்ரோசாஃப்ட் விலைக்கு வாங்கிய ஃபாக்ஸ்ப்ரோ என்ற தரவுத்தளக் கருவிக்கான மன்றம் அவற்றுள் மிகச் சுறுசுறுப்பானது. அங்கே கால்வின் சியா என்ற நிரலாளர், யார் யார் எத்தனை பதிவுகள் இட்டிருக்கிறார்கள் என்பதைக் கணக்கிட்டு ஒரு பட்டியல் தயாரித்தார். அப்பட்டியலின் முன்வரிசையில் இருந்தவர்கள்தாம் முதல் எம்விபிக்கள் ஆனார்கள் என்பது அச்சமூகத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. ஊதியம் எதிர்பாராமல் பிறருடைய சிக்கல்களைத் தீர்த்துவைத்தவர்களுக்கு நிறுவனம் சொன்ன நன்றியாகவே அது தொடங்கியது என்பதை மறக்காமல் இருப்பது இவ்வாய்வுக்கு நேர்மை சேர்க்கும்.

நன்றி எவ்வளவு விரைவில் உறவாக மாறிவிடும் என்பதை 1999ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு அமெரிக்கா ஆன்லைன் நிறுவனத்தின் முன்னாள் தன்னார்வலர்கள், தாங்கள் செய்தது ஊழியர் வேலைதான் என்றும் அதற்குக் கூலி தரப்பட வேண்டும் என்றும் வழக்குத் தொடுத்தனர். தன்னார்வலர்களின் உழைப்பைப் பயன்படுத்திவந்த நிறுவனங்கள் யாவும் இதனால் கலங்கின. மைக்ரோசாஃப்டில் பொறுப்பிலிருந்தவர்கள் அக்டோபரில் எம்விபி திட்டத்தையே கலைத்துவிட முடிவெடுத்தனர். பில் கேட்ஸ் உள்ளிட்ட தலைமையாளர்களுக்கு மின்னஞ்சல்கள் குவியவே, மூன்றே நாட்களில் திட்டம் மீண்டும் உயிர்பெற்றது. பட்டத்தைக் காக்கத் திரண்டவர்களின் வேகம் பாராட்டத்தக்கதுதான். ஆயினும், பட்டம் ஒருவர் தாமாகச் செய்துவந்த பணிக்கு வெறும் அடையாளமாக மட்டும் இருந்திருந்தால் அதன் மறைவு இத்தகைய கொந்தளிப்பை எழுப்பியிராது. ஆறே ஆண்டுகளில் அது இழக்க விரும்பாத உடைமையாகிவிட்டது.

இன்றைய நடைமுறையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இவ்வுடைமையின் தன்மை புலப்படும். பட்டம் ஓராண்டுக்கு மட்டுமே உரியது. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் எத்தனை உரைகள் ஆற்றினார், எத்தனை கட்டுரைகள் எழுதினார், எத்தனை கேள்விகளுக்கு விடையளித்தார் என்பதை வல்லுநரே ஒரு படிவத்தில் பதிவுசெய்ய வேண்டும். நிறுவனம் அதைப் பரிசீலித்து, ஜூலை மாதத்தில் புதுப்பிக்கும் அல்லது விடுவிக்கும். பட்டம் பெற்றவருக்குக் கண்ணாடியாலான நினைவுச்சின்னம் ஒன்று வருகிறது. புதுப்பிக்கப்படும் ஒவ்வோராண்டுக்கும் அந்த ஆண்டு பொறித்த ஒரு வில்லை அதில் ஏறுகிறது. ஆண்டுச் சந்தாவாக வாங்கினால் ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும் விஷுவல் ஸ்டூடியோ மென்பொருள் தொகுப்பும், அஷூர் மேகச் சேவையைப் பயன்படுத்துவதற்கான மாதாந்திர வரவும் இலவசமாகக் கிடைக்கின்றன. ரெட்மண்ட் தலைமையகத்தில் ஆண்டுதோறும் நடக்கும் உச்சி மாநாட்டில், தயாரிப்பை உருவாக்கும் பொறியாளர்களோடு நேருக்குநேர் அமர்ந்து பேசும் வாய்ப்பும் உண்டு. தொழில்நுட்பத்தை நேசிக்கும் ஒருவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட இந்தக் கடைசி வாய்ப்பே பெரிது.

மேலோட்டமான வாசகரின் கண்ணில் படாத இன்னொன்றும் உண்டு. பட்டம் பெற்ற ஒருவர் எழுதும் கட்டுரையில் மைக்ரோசாஃப்டின் ஆவணப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கும்போது, அந்த முகவரியின் இறுதியில் தமக்கென ஒதுக்கப்பட்ட குறியீட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் சில எழுத்துகளும் எண்களும்தான் அது. வாசகர் அவ்விணைப்பைச் சொடுக்கும்போது, அவர் யார் வழியாக வந்தார் என்பது நிறுவனத்தின் கணக்கில் ஏறுகிறது. வல்லுநரின் தாக்கம் எவ்வளவு என்பதற்கு அது ஓர் அளவுகோலாகிறது. இதில் பணம் கைமாறுவதில்லை. ஆனால் நிறுவனத்தின் பக்கத்துக்கு ஆட்களை அனுப்பும் எழுத்து எண்ணப்படுகிறது. வேறு இடத்துக்கு அனுப்பும் எழுத்து எண்ணப்படுவதில்லை.

எதிர்த்துப் பேசியவர்கள்

இவ்வளவையும் அறிந்த ஒருவர், பட்டம் பெற்றவர்கள் எல்லாரும் வாய்மூடிக் கிடப்பார்கள் என்று முடிவுகட்டினால் அது பெரும் பிழையாகும். வரலாறு அதற்கு நேரெதிரான சான்றுகளைத் தருகிறது.

1998இல் வெளிவந்த விஷுவல் பேசிக் 6, அலுவலகங்களுக்கும் சிறுநிறுவனங்களுக்கும் தேவையான மென்பொருள்களை விரைவாக எழுதுவதற்கு உலகெங்கும் பயன்பட்ட நிரல்மொழி. 2002இல் மைக்ரோசாஃப்ட் அதனிடத்தில் விஷுவல் பேசிக் டாட்நெட் என்ற புதிய மொழியைக் கொண்டுவந்தது. பெயரில் ஒற்றுமை இருந்ததே தவிர, பழைய நிரல்கள் புதிய மொழியில் அப்படியே இயங்கவில்லை. எடுத்துக்காட்டாக, முழு எண்ணைக் குறிக்கும் ‘இன்டீஜர்’ வகை பழைய மொழியில் 16 பிட் அளவினது. புதிய மொழியில் அதே பெயர் 32 பிட் அளவைக் குறித்தது. வரிசையொன்றின் முதல் உறுப்புக்கு ஒன்று என்று எண்ணிட்டு எழுதும் வசதி பழையதில் இருந்தது. புதியதில் பூச்சியத்திலிருந்துதான் தொடங்க வேண்டியிருந்தது. எந்த மதிப்பையும் ஏற்றுக்கொள்ளும் ‘வேரியன்ட்’ என்ற தரவுவகை நீக்கப்பட்டது. இத்தகைய மாற்றங்கள் தனித்தனியே சிறியவை. ஆயினும், இலட்சக்கணக்கான வரிகளில் எழுதி, பல ஆண்டுகள் சோதித்து, நாள்தோறும் சம்பளப் பட்டியலையும் சரக்கிருப்பையும் கணக்கிட்டுவந்த ஒரு மென்பொருளை இம்மாற்றங்களுக்கேற்பத் திருத்துவது, அதை முதலிலிருந்து எழுதுவதற்குச் சமமான வேலையாகிவிட்டது. மாற்றித்தரும் கருவி ஒன்றை நிறுவனம் கொடுத்தது; அது பாதி வேலையைச் செய்து, மீதியை நிரலாளரின் தலையில் வைத்தது.

பழைய மொழிக்கான முதன்மை ஆதரவு 2005 மார்ச் 31ஆம் நாளோடு முடிவதாக இருந்தது. அம்மாதத் தொடக்கத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட எம்விபிக்கள் கையெழுத்திட்டு, அம்மொழியைக் கைவிடக் கூடாது என்று வெளிப்படையான விண்ணப்பம் ஒன்றை வெளியிட்டனர். பழைய மொழியைப் புதிய கருவித்தொகுப்புக்குள்ளேயே தொடர்ந்து வளர்க்க வேண்டும் என்பதும், பழைய நிரலை எப்போது மாற்றுவது, மாற்றுவதா வேண்டாமா என்பதைப் பயனரே முடிவுசெய்யும் நிலை வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கை. பட்டம் கொடுத்த நிறுவனத்தின் மையமான வணிக முடிவை, அப்பட்டத்தையே தங்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு எதிர்த்தார்கள். மைக்ரோசாஃப்ட் அசையவில்லை, 2008 ஏப்ரலில் நீட்டித்த ஆதரவும் முடிந்துபோயிற்று.

2008 ஜூனில் இதைவிடக் காரமான ஓர் எதிர்ப்பு எழுந்தது. நிரலில் உள்ள பொருள்களையும் தரவுத்தளத்தின் அட்டவணைகளையும் ஒன்றோடொன்று பொருத்தித்தரும் ‘என்டிட்டி ஃப்ரேம்வொர்க்’ என்ற கருவியின் முதல் பதிப்பு வெளிவரவிருந்த வேளையில், அதன்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்ற தலைப்பிலேயே ஓர் ஆவணம் வெளியாயிற்று. கையெழுத்திட்டவர்களில் எம்விபிக்கள் பலர் இருந்தனர். தேவைப்படும்போது மட்டும் தரவை ஏற்றிக்கொள்ளும் வசதி அக்கருவியில் இல்லை என்பதும், பலர் சேர்ந்து பணியாற்றும்போது ஒரே மாதிரிக் கோப்பில் எல்லாருடைய திருத்தங்களும் மோதிக்கொள்கின்றன என்பதும் அவர்கள் சுட்டிய குறைகள். கருவிக்குப் பொறுப்பானவர்கள் சில நாட்களிலேயே பதிலளித்தனர். 2010இல் வந்த அடுத்த பதிப்பில் முக்கியமான குறைகள் பல களையப்பட்டிருந்தன.

2018 ஜூலையில், விண்டோஸ் திருத்தங்களைப் பல ஆண்டுகளாகக் கவனித்து எழுதிவந்த எம்விபியான சூசன் பிராட்லி, விண்டோஸ் 10இன் புதுப்பிப்புகள் தரம் குறைந்து வருவதையும், ஆண்டுக்கு இருமுறை வரும் பெருமாற்றங்களை நிர்வாகிகளால் தாங்க முடியவில்லை என்பதையும் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி சத்யா நாதெள்ளாவுக்கு எழுதிய திறந்த மடலில் கணக்கெடுப்போடு எடுத்துரைத்தார். செப்டம்பரில் நிறுவனப் பதிப்புகளுக்கான ஆதரவுக் காலம் நீட்டிக்கப்பட்டது. அக்டோபரில் வெளியான புதுப்பிப்பு சில பயனர்களின் கோப்புகளையே அழித்துவிட்டதால் நிறுத்திவைக்கப்பட்டது. மடலில் இருந்த எச்சரிக்கைக்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எதிர்ப்பின் எல்லை

ஆகவே, பட்டம் பெற்றவர்கள் விமர்சிக்கிறார்களா என்று கேட்டால், விமர்சிக்கிறார்கள் என்பதே விடை. சில வேளைகளில் வேறு யாரைக் காட்டிலும் கூர்மையாக விமர்சிக்கிறார்கள். ஆனால் சுதந்திரத்தை அளப்பதற்கு இந்த ஓர் அளவுகோல் போதாது. மேலே கண்ட எதிர்ப்புகளில் பெரும்பாலானவை, ‘இத்தயாரிப்பை இன்னும் நன்றாகச் செய்யுங்கள்’, ‘இதை எங்களிடமிருந்து பறிக்காதீர்கள்’ என்று கேட்பவை. தயாரிப்பின்மேல் கொண்ட பற்றிலிருந்து எழுந்த எதிர்ப்புகள் அவை. ‘இது உங்களுக்குத் தேவையில்லை, வேறொன்றை வாங்குங்கள்’ அல்லது ‘எதையும் வாங்காதீர்கள்’ என்று சொல்லும் குரல் அவற்றுள் அரிதாகவே கேட்கிறது.

இவ்வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியலறிஞர் 1970இல் வெளியிட்ட சிறுநூல் ஒன்று துணைசெய்கிறது. ஓர் அமைப்பின் தரம் தாழும்போது அதைச் சார்ந்தவர்களுக்கு வெளியேறுவது, குரல் எழுப்புவது என இரண்டு வழிகள் உண்டு என்றும், பற்று மிகுந்தவர்கள் வெளியேறுவதைத் தள்ளிப்போட்டுக் குரல் எழுப்புவதிலேயே நிற்பார்கள் என்றும் அவர் விளக்கினார். எம்விபி போன்ற பட்டங்கள் இப்பற்றை ஓர் அமைப்பாக ஆக்கிவிடுகின்றன. குரலுக்கு அவை தாராளமாக இடம் தருகின்றன. பொறியாளரைச் சந்திக்கும் வாய்ப்பு, குறைகளை நேரடியாகச் சொல்லும் தனிவழி ஆகிய எல்லாம் குரலுக்கானவை. வெளியேறுவதற்கோ அங்கே விலை உண்டு. ஓராண்டு முழுவதும் போட்டி நிறுவனத்தின் தயாரிப்பைப் பற்றி நன்றாக எழுதிய ஒருவருக்கு, அவ்வெழுத்து எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், புதுப்பித்தல் படிவத்தில் நிரப்புவதற்கு எதுவும் இராது. யாரும் அவரை மிரட்ட வேண்டியதில்லை, படிவமே போதும்.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் அவ்வளவு காரமாக இருந்ததற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. கையெழுத்திட்டவர்களில் பலர் என்ஹைபர்னேட் என்ற திறமூலக் கருவியை, அதாவது எவரும் நிரலைப் பார்த்துத் திருத்தி இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கருவியை, ஏற்கெனவே பயன்படுத்தி வந்தார்கள். செல்வதற்கு வேறு இடம் இருந்தவர்களின் குரலில் பதற்றம் இல்லை, கெஞ்சல் இல்லை. விஷுவல் பேசிக் நிரலாளர்களுக்கு அப்படி ஒரு மாற்றிடம் இருக்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் திரண்டும் அவர்களால் விண்ணப்பம் போட மட்டுமே முடிந்தது.

எம்விபி பட்டத்தின் பிறப்பிடமான ஃபாக்ஸ்ப்ரோவுக்கு நேர்ந்ததும் இதுவே. அதன் ஒன்பதாம் பதிப்பே இறுதியானது என்று 2007இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஒரே நிறுவனத்தின் ஒரே தயாரிப்பில் தம் அறிவு முழுவதையும் முதலீடு செய்த வல்லுநருக்கு, அத்தயாரிப்பின் ஆயுளே தம் தொழிலின் ஆயுளாகிவிடுகிறது. அந்நிலையில் இருப்பவர், ‘இதற்கு எதிர்காலம் இருக்கிறதா’ என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் பொய் சொல்கிறார் என்று குற்றம்சாட்டுவது நியாயமாகாது. எதிர்காலம் இருக்கிறது என்றே அவர் உளமார நம்புவார், நம்ப வேண்டிய நிலையில் இருப்பார்.

ஜாவா காட்டிய வழி

வெளியேறும் வழியைச் சுட்டிக்காட்டிய குரலுக்கு அரிய எடுத்துக்காட்டு ஒன்று ஜாவா உலகில் உண்டு. ஜாவா மொழியின் உரிமையாளரான ஆரக்கிள், 2018 செப்டம்பரில் வெளிவந்த 11ஆம் பதிப்பு முதல், தன் பெயரில் வெளியிடும் ஜாவா தொகுப்பை வணிகப் பணிகளுக்குப் பயன்படுத்துவோர் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற உரிம முறைக்கு மாறியது. 2019 ஜனவரிக்குப் பிறகு 8ஆம் பதிப்புக்கான திருத்தங்களும் வணிகப் பயனர்களுக்கு இலவசமாகக் கிடைக்காது என்றாயிற்று. ஜாவாவே இனி விலைக்குத்தான் என்ற அச்சம் உலகெங்கும் பரவியது. இக்குழப்பத்தால் ஆரக்கிளுக்கு இழப்பில்லை. அஞ்சியவர்கள் சந்தா வாங்குவார்கள். அந்த வேளையில் ‘ஜாவா சாம்பியன்’ என்ற பட்டம் பெற்றவர்கள் ஒன்றுகூடி, ‘ஜாவா இன்றும் இலவசமே’ என்ற பொருள்படும் தலைப்பில் விரிவான ஆவணம் ஒன்றை வெளியிட்டார்கள். ஜாவாவின் மூலநிரல் திறந்தே இருக்கிறது என்பதையும், அதிலிருந்து பிற அமைப்புகளும் நிறுவனங்களும் தயாரித்து வழங்கும் தொகுப்புகளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்பதையும், அவை எங்கே கிடைக்கும் என்பதையும் அது தெளிவாக விளக்கியது. ஆரக்கிளின் ஆதரவில் நடக்கும் ஒரு திட்டத்தின் பட்டம் பெற்றவர்கள், ஆரக்கிளுக்குப் பணம் கொடுக்காமல் இருப்பது எப்படி என்று உலகுக்கு எழுதினார்கள்.

அவர்களால் அது எப்படி முடிந்தது என்பதைத் தனிமனிதர்களின் துணிவால் மட்டும் விளக்கிவிட முடியாது. ஜாவா சாம்பியன்களைத் தேர்ந்தெடுப்பது ஆரக்கிளின் விற்பனைப் பிரிவன்று. ஏற்கெனவே பட்டம் பெற்ற சக வல்லுநர்களே முன்மொழிந்து தேர்ந்தெடுக்கிறார்கள். தம்மை அளப்பவர் விற்பவராக இல்லாமல் சக வல்லுநராக இருக்கும்போது, எவருடைய மதிப்பை இழக்க ஒருவர் அஞ்சுவார் என்பது மாறிவிடுகிறது. அதோடு, ஜாவாவைத் தயாரித்து வழங்குவோர் பலராக இருந்ததால் வெளியேறிச் செல்ல உண்மையான இடம் இருந்தது. 2016இல் ஜாவாவின் நிறுவனப் பதிப்பை ஆரக்கிள் கவனிக்காமல் விட்டபோது ‘ஜாவா ஈஈ கார்டியன்ஸ்’ என்ற குழுவாகத் திரண்டவர்களிலும் சாம்பியன்கள் இருந்தனர். மறு ஆண்டே அத்தொழில்நுட்பம் எக்லிப்ஸ் அறக்கட்டளைக்குக் கைமாற்றப்பட்டது. சுதந்திரம் என்பது மனவுறுதியைப் பொறுத்தது மட்டுமன்று, தேர்வு முறையையும் சந்தையின் அமைப்பையும் பொறுத்தது என்பதற்கு ஜாவாவைக் காட்டிலும் நல்ல சான்று கிடைப்பது கடினம்.

இதன் மறுபக்கத்தை விஎம்வேர் காட்டியது. ஒரே கணினியில் பல கணினிகளை இயக்கும் மெய்நிகராக்கத் தொழில்நுட்பத்தில் முதன்மை பெற்ற அந்நிறுவனத்தை 2023 நவம்பரில் பிராட்காம் வாங்கியது. மறுமாதமே, ஒருமுறை பணம் கொடுத்து நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமங்களை நிறுத்திச் சந்தா முறையைக் கட்டாயமாக்கியது. வல்லுநர்கள் தங்கள் வீட்டிலேயே சோதனைக்கூடம் அமைத்துப் பழகுவதற்கு மலிவாகக் கிடைத்துவந்த உரிமங்களும் 2024இல் சான்றிதழ்த் தேர்வோடு பிணைக்கப்பட்டன. அதுவரை அத்தயாரிப்பின் நுணுக்கங்களை மட்டுமே எழுதிவந்த பலர், அதன் பிறகுதான் ப்ராக்ஸ்மாக்ஸ் போன்ற திறமூல மாற்றுகளைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். அம்மாற்றுகள் அந்த ஆண்டில் புதிதாகப் பிறந்தவை அல்ல. வாசகர்களுக்கு அவற்றைப் பற்றி முன்பே சொல்லியிருக்கலாம்; சொல்வதற்கான தேவையை எழுதியவர்கள் உணரவில்லை. பட்டத்தின் விளைவு பொய்யாக வெளிப்படுவதைவிட இப்படி எழுதப்படாத கட்டுரைகளாக வெளிப்படுவதே மிகுதி.

சிறு பரிசின் பெரும் பிடி

தாம் பெறும் சலுகைகள் தம் கருத்தை மாற்றுவதில்லை என்று பட்டம் பெற்றவர்கள் சொல்வதுண்டு. அதை அவர்கள் மனமறிந்து சொல்கிறார்கள் என்பதிலும் ஐயமில்லை. இதே சொற்களை மருத்துவர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். அமெரிக்காவில் மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்குக் கொடுப்பவற்றை வெளியிட வேண்டும் என்று 2010இல் சட்டம் வந்த பிறகு, அத்தரவைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வொன்று 2016இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வெளிவந்தது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவர்களைப் பற்றிய அவ்வாய்வில், சராசரியாக இருபது டாலரை எட்டாத ஒரே ஒரு வேளை உணவைப் பெற்ற மருத்துவர்கள்கூட, அந்நிறுவனம் முன்னிறுத்திய மருந்தை மற்றவர்களைவிட அதிகமாக எழுதிக்கொடுத்தது தெரியவந்தது. உணவுதான் காரணம் என்று அவ்வாய்வு நிறுவவில்லை. தொடர்பு இருப்பதைக் காட்டியது. கொடை எதுவும் ஈடு செய்ய வேண்டும் என்ற கடப்பாட்டைக் கூடவே கொண்டுவருகிறது என்று ஃபிரெஞ்சு மானிடவியலர் மார்செல் மோஸ் 1925இல் எழுதியது, பசிபிக் தீவுகளின் மக்களுக்கு மட்டும் பொருந்தும் செய்தியன்று.

தொழில்நுட்பப் பட்டங்களில் கொடையைக் காட்டிலும் வலிய இன்னொரு பிடியும் உண்டு. இன்னும் வெளியிடப்படாத தயாரிப்புகளைப் பற்றி நிறுவனம் வல்லுநரிடம் சொல்வதை வெளியே சொல்லக் கூடாது என்று அவர் கையெழுத்திடும் இரகசியக் காப்பு ஒப்பந்தமே அது. இதன் விளைவு நுட்பமானது. ஒரு வசதி அடுத்த ஆண்டு நீக்கப்படப்போகிறது என்று அறிந்த வல்லுநரிடம், அவ்வசதியை நம்பி ஒரு மென்பொருளை எழுதலாமா என்று ஒருவர் கேட்டால், அவர் உண்மையைச் சொல்லவும் முடியாது, அறியாதவர்போல் பரிந்துரைக்கவும் மனம் ஒப்பாது. நேர்மையானவர்கள் இத்தருணத்தில் அக்கேள்வியையே தவிர்த்துவிடுகிறார்கள். கேட்டவருக்கோ அந்த மௌனத்தின் பொருள் தெரியாது. எவருக்கு அதிகம் தெரியுமோ அவரே குறைவாகப் பேசும் நிலை, அறிவுரை கேட்பவருக்கு நன்மை தருவதன்று.

எது போதும், எது போதாது

தொடர்பை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று பலரும் கருதுகிறார்கள். அது தேவை, ஆனால் போதாது. டெய்லியன் கெய்ன், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், டான் மூர் ஆகிய மூவர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, தம் ஆதாயத்தை வெளிப்படுத்திய ஆலோசகர்கள் அதன் பிறகு இன்னும் சாய்வாக ஆலோசனை கூறியதையும், கேட்டவர்கள் அச்சாய்வுக்கு ஏற்ற அளவு கழித்துக்கொள்ளத் தவறியதையும் சோதனைகளில் காட்டியது. மேலும், தொழில்நுட்பப் பட்டம் பெற்றவர் அதை மறைப்பதில்லை. பெயருக்குக் கீழே பெருமையோடு பொறித்துக்கொள்கிறார். வாசகரும் அதைத் தகுதியாகவே படிக்கிறார். இங்கே வெளிப்படுத்தலே பரிந்துரையாகிவிடுகிறது.

ஆகவே வல்லுநர் செய்ய வேண்டியவை இதைவிடக் கடினமானவை. தாம் அன்றாடம் பயன்படுத்தும் கருவிகளில் ஒரு பகுதிக்கேனும் தம் சொந்தப் பணத்தைக் கொடுக்க வேண்டும்; விலையின் சுமையை உணராதவர் விலையைப் பற்றி எழுத இயலாது. போட்டித் தயாரிப்பு ஒன்றையாவது வேலைக்குப் பயன்படுத்தும் அளவுக்குக் கற்றிருக்க வேண்டும். புதுப்பிக்கப்படாமல் போகும் ஆண்டு ஒன்று வரும் என்பதை முன்பே ஏற்றுக்கொண்டு, தம் வருவாயும் பெயரும் பட்டத்தில் தொங்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய எழுத்தில் ‘இந்தச் சூழலில் இதை வாங்காதீர்கள்’ என்ற வரி தயங்காமல் வருகிறது. நிறுவனங்களும், உண்மையான விமர்சனம் வேண்டும் என்று சொல்வது உளமாரத்தான் என்றால், தேர்வைச் சக வல்லுநர்களிடம் ஒப்படைக்கலாம். ஓராண்டுக் காலத்தை ஐந்தாண்டாக நீட்டிக்கலாம். ஜாவாவில் முடிந்தது மற்ற இடங்களில் முடியாமல் போவதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஏதும் இல்லை.

இந்திய வாசகருக்கு இதில் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் துணைபோகும் பரிந்துரையாளருக்குப் பத்து இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் தவறினால் ஐம்பது இலட்சம் வரையிலும் அபராதம் விதிக்க இடமளிக்கிறது. அதன் தொடர்ச்சியாக 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல், பரிந்துரையாளர் வெளிப்படுத்த வேண்டிய தொடர்புகளின் பட்டியலில் பணம், இலவசப் பொருள், பயணம், தங்குமிடம் ஆகியவற்றோடு விருதுகளையும் சேர்த்திருக்கிறது. தொழில்நுட்பக் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் அது சட்டப்படி பொருந்துமா என்பது தனித்தனியே முடிவுசெய்யப்பட வேண்டியது. ஆனால் விருது என்பது ஒரு பலன் என்ற புரிதல் அரசு ஆவணத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

பட்டம் பெற்ற வல்லுநர் சுதந்திரமாக இருக்க முடியும். பலர் அப்படி இருந்திருக்கிறார்கள். ஆனால் பட்டம் அவருடைய அறிவுக்குச் சான்றாகுமே தவிர, நடுநிலைக்குச் சான்றாகாது. ஆதலால், அவரை உரைக்கு அழைக்கும் கல்லூரிகளும், கொள்முதலுக்கு முன் ஆலோசனை கேட்கும் அரசு அலுவலகங்களும், மருத்துவமனைகளும் ஒரு கேள்வியை முன்கூட்டியே அவருக்கு எழுத்தில் அனுப்பட்டும்: இத்தயாரிப்பை யார் வாங்கக் கூடாது, அவர்கள் அதற்குப் பதிலாக எதை வாங்க வேண்டும்? பதிலையும் எழுத்திலேயே பெற்றுக்கொண்டு, அதன் பிறகு அவருடைய மற்ற ஆலோசனைகளைக் கேட்கட்டும்.